கூரை மேல் குளம்

சின்னவளுக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. படம் பார்க்கிற வேலை என்றாள். படம் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற அந்தப் புண்ணியவான் யார், அவனுக்கு வேறு ஜோலி இல்லையா என்று அம்மா கேட்டாள். சினிமாப் படம் இல்லை, வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் பூமியைப் பிடித்து அனுப்புகிற படம்; அதில் எது மரம், எது வீடு, எது தண்ணீர் என்று சுற்றிக் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்றாள். அம்மா கையிலிருந்த படுக்கை விரிப்பை ஓங்கி ஓர் உதறு உதறிக் கொடியில் போட்டாள்.

"அவ்வளவு உயரத்துக்கு ஏறத் தெரிஞ்சவனுக்கு மரம் எது, வீடு எதுன்னு தெரியாதா?"

மிஷினுக்குக் கண் உண்டு, பெயர் தெரியாது, நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம் என்றாள் சின்னவள். அந்தப் படங்களை வைத்துத்தான் எங்கே காடு குறைகிறது, எங்கே தண்ணீர் வற்றுகிறது என்று உலகம் முடிவு செய்யப் போகிறது. இனிமேல் இந்தப் பூமியைப் பார்த்துக்கொள்ளப் போவது எங்களை மாதிரிச் சின்ன வயசுக்காரர்கள்தான் என்றாள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பூமியைப் பார்த்துக்கொள்கிற கையோடு அந்த வாளியையும் பார்த்துக்கொள், வழிகிறது என்றாள்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, வரிசைப் பெயர். பெரியவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் இவள் சின்னவள்தான். அப்பா இல்லை. அம்மா ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்புகளையும், ஒரு மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகளையும் வாங்கிவந்து துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துத்தான் இரண்டு பெண்களையும் ஆளாக்கினாள். அந்த வேலைக்கு வேண்டியது இரண்டே இரண்டு, முதுகெலும்பும் தண்ணீரும். முதுகெலும்பு அம்மாவுடையது. தண்ணீர் லாரியுடையது. தெருக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும், அதுவும் பெருமூச்சு விடுகிற மாதிரிச் சத்தத்தோடு. வாரத்துக்கு இரண்டு நடை தண்ணீர் லாரி வந்து நின்று, வாசலில் இருக்கிற டிரம்களையெல்லாம் நிரப்பிவிட்டுப் போகும். அந்த இரண்டு நடையை நம்பித்தான் அந்தத் தெருவே முகம் கழுவியது.

எல்லாம் தகரக் கூரை வீடுகள். ஒரு வருஷம் அடித்த பேய்க்காற்றில் பாதித் தகரம் பறந்துபோய், அதற்கு நிவாரணம் என்று வீட்டுக்கு ஒரு நீலத் தார்ப்பாய் கொடுத்தார்கள். தகரம் பிறகு வரும் என்றார்கள். தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு, தகரம் வரும் வரைக்கும் என்று எல்லோரும் அதற்கடியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் வேலை பார்த்த இடம் ஒரு டயர் கடையின் மாடி. ரப்பர் வாடை படியேறி வந்து மேஜை மேஜையாக உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. சுவரில் ஒரு பெரிய படம்: நாலைந்து இளவட்டங்கள் பூமியைக் கையில் ஏந்திக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். அதற்குக் கீழேதான் மேற்பார்வை பார்க்கிற அண்ணன் உட்காருவார். நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேசமாட்டார். நீங்கள் எல்லாம் வேலைக்காரர்கள் இல்லை, மாற்றத்தின் தூதர்கள் என்று அடிக்கடி சொல்வார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிற நாட்களில் இன்னும் அடிக்கடி சொல்வார்.

அங்கே வேலை நடக்கிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரே படத்தை மூன்று பேருக்கு அனுப்புவார்கள். மூவரும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் அதுதான் உண்மை. மூன்றாவது ஆள் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு மதிப்பெண் குறையும். அடிக்கடி குறைந்தால் நாற்காலி போய்விடும். சரியாகச் சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது, ஒத்துப்போனதற்குத்தான். குடும்பத்தில் அடிபட்ட யாரோதான் அந்தச் சட்டத்தைப் போட்டிருக்க வேண்டும்.

யாருக்கு யார் கூட்டு என்பது ரகசியம் என்றார்கள். ஆனால் சின்னவளின் திரையில் தெரிகிற படமேதான் இடது பக்கத்து மேஜையிலும் வலது பக்கத்து மேஜையிலும் தெரிந்தது. இடது பக்கம் இருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துகிற பொத்தான் இல்லாதவள். வலது பக்கம் கண்ணாடி. அவன் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்தால், இவனையா படம் பார்க்கிற வேலைக்கு எடுத்தார்கள் என்று தோன்றும். பேசக்கூடாது என்று சட்டம், பேசினால் கூரையில் இருக்கிற கேமரா காட்டிக்கொடுக்கும். அதனால் மூன்று பேரும் வாயைத் திறக்காமலேயே ஒரு பாஷை செய்துகொண்டார்கள். நாற்காலியை லேசாக இழுத்தால் வீடு. மூக்கை உறிஞ்சினால் மரம். இருமினால் சாலை. மேஜை மேல் இருக்கிற தண்ணீர் பாட்டிலை நகத்தால் தட்டினால் தண்ணீர். முதலில் யாருக்குத் தெரிகிறதோ அவர் சத்தம் கொடுக்க, மற்ற இருவரும் அதையே போட்டார்கள். கண்ணாடிக்கு ஜலதோஷம் பிடித்திருந்த நாட்களில் உலகத்தில் காடு அமோகமாகப் பெருகியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஒரு படம் வந்தது. சாம்பல் நிறத் தரையில் நீலம் நீலமாகக் கட்டங்கள், தாயக்கட்டத்தை வரிசையாக விரித்த மாதிரி. வெயில் பட்டு மினுமினுத்தது. அது என்னவென்று மூன்று பேருக்கும் விளங்கவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்கு மின்விசிறி வேறு நின்றுபோயிருந்தது. ரேடியோ தாகம் தாங்காமல் பாட்டிலை எடுத்தாள்; மூடி இறுகிக்கொண்டது; அதை இளக்குவதற்காக இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டிய மறுநொடியே சின்னவளும் கண்ணாடியும் நீலத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் குளம் என்று பதிந்துவிட்டார்கள்.

தண்ணீர் குடித்து முடித்த ரேடியோ, வீடு என்று போட்டாள். மதிப்பெண் போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் வைத்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள். "மனுஷி தண்ணி குடிக்கக்கூடாதா? நான் குடிச்சா உலகத்துல குளம் வந்துடுமா?"

"வந்துடுச்சே," என்றான் கண்ணாடி.

திருத்தினால் திருத்துகிற இருவருக்கும் மதிப்பெண் குறையும். அதனால், போனது போகட்டும், இனிமேல் நீலக் கட்டம் வந்தால் மூன்று பேரும் குளம் என்றே போடுவது என்று முடிவாயிற்று. போட்டார்கள். அவர்கள் போட்டதைப் பார்த்து மிஷினும் கற்றுக்கொண்டது. நல்ல மாணவன்தான், சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி ஓர் எழுத்து யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் அதுவே நீலத்தைக் கண்டுபிடித்துக் குளம் என்று எழுதிவைத்து, சரிதானே என்று மட்டும் கேட்க ஆரம்பித்தது. சரி, சரி, சரி என்று மூன்று பேரும் அழுத்திக்கொண்டே போனார்கள். படங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எது வேண்டுமானாலும் வரும். வீட்டுக்கு ஒரு குளம் வைத்திருக்கிறார்களே, கொடுத்துவைத்த ஜனங்கள் என்று சின்னவள் வாய்விட்டுப் பொறாமைப்பட்டாள். தன் வீட்டுக் கூரையைக் கீழேயிருந்து மட்டும் பார்த்தவளுக்கு மேலேயிருந்து அது எப்படித் தெரியும் என்று எப்படித் தெரியும்? தன் பிடரியைப் பார்த்து, இது நான்தான் என்று சொல்லத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவளைக் குறை சொல்லட்டும்.

இது நடந்து சில மாதம் கழித்துத் தண்ணீர் லாரி தெருமுனை வரைக்கும் வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போனது. ஏதோ அவசரம் என்று நினைத்தார்கள். அடுத்த நடையும் அப்படியே திரும்பியது. அதற்கடுத்த நடை அம்மா ஈரக்கையோடு ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றாள். ஓட்டுகிற தம்பி கெட்டவன் இல்லை. இறங்கிவந்து தன் போனைக் காட்டினான்.

"உங்க தெருவை எடுத்துட்டாங்கக்கா. தண்ணி இருக்கிற தெருவாம் இது."

"எந்தத் தண்ணி தம்பி?"

"எனக்கு என்ன தெரியும்? போன் எந்தப் பக்கம் திரும்பச் சொல்லுதோ அந்தப் பக்கம் திரும்புறேன். முன்னெல்லாம் எனக்கே வழி தெரியும். இப்ப தெரிஞ்சாலும் திரும்பக்கூடாதுன்னுட்டாங்க."

தண்ணீர் இல்லாமல் விரிப்புகள் அழுக்கு மூட்டையாகவே வீட்டு மூலையில் குவிந்தன. அம்மா நாலு தெரு தள்ளி ஓர் அடிபம்பைக் கண்டுபிடித்து, குடம் குடமாகச் சுமந்துவந்து கோட்டுகளை மட்டும் துவைத்துக் கொடுத்தாள். லாட்ஜ்காரர் இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை, ஊருக்கு வெளியே மிஷினில் துவைத்துக் கொடுக்கிற கம்பெனிக்காரன் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான் என்று சொன்னார். மாசம் பிறந்தால் மாற்றிவிடுவேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் காலண்டரைப் பார்த்தார்.

அம்மாவும் சின்னவளும் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அம்மையார் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி, தெருவின் பெயரைக் கேட்டு, கம்ப்யூட்டரை இவர்கள் பக்கம் திருப்பினார். இப்போதெல்லாம் எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று உலக அமைப்பு ஒன்று படம் போட்டு இலவசமாகவே கொடுக்கிறது, அதைப் பார்த்துத்தான் லாரி விடுகிறோம் என்றார். திரையில் சாம்பல் தரையும் நீலக் கட்டங்களும் தெரிந்தன. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் மஞ்சள் கோடு. ஒவ்வொன்றின் மேலும் குளம் என்று எழுத்து.

சின்னவள் திரையின் பக்கம் குனிந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம். கோட்டை முடிக்கிற இடத்தில் மவுஸை வெடுக்கென்று எடுப்பாள், அங்கே எலிவால் மாதிரி ஒரு துணுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். தெருக்கோடி வீட்டுக் கூரையைச் சுற்றிப் போயிருந்த கோட்டில் அந்த வால் இருந்தது.

அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் அந்த அம்மையாரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வீடு குளம் இருந்தால் நான் எதற்கு இடுப்பொடியக் குடம் சுமக்கிறேன், ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். பார்க்கிற வேலையில் இருந்தவர்களை இந்தப் படம் வந்தவுடன் வேறு வேலைக்கு மாற்றிவிட்டோம் என்றார் அம்மையார். அவருக்கும் வருத்தம்தான்.

"நாங்களா இஷ்டத்துக்குப் போட்டதில்லம்மா இது. ஒவ்வொரு படத்தையும் மூணு பேர் தனித்தனியா பார்த்து உறுதி பண்றாங்க. மூணு பேரும் பொய் சொல்வாங்களா?"

வெளியே வந்து பாதித் தூரம் போன பிறகு சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில், தாகம், இறுகிய மூடி, ஒன்று விடாமல். அம்மா நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துப் பார்த்து, பிறகு சுற்றிக்கொண்டு போனார்.

"எதிரிகூட இப்படிக் குழி வெட்டமாட்டான்டி," என்றாள் கடைசியில். "உன்னைச் சம்பளம் கொடுத்து வெட்டச் சொல்லியிருக்காங்க."

மறுநாள் சின்னவள் மேற்பார்வை அண்ணனிடம் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் இனிப்புப் பெட்டியை நீட்டினார். தண்ணீரைக் காக்கிற உலக இளைஞர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். எத்தனையோ நாடுகளில் இதே வேலையைச் செய்கிற அறைகளுக்குள் இந்த அறைக்குத்தான் பரிசு கொடுத்திருக்கிறதாம். மற்ற இடங்களிலெல்லாம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிச் சண்டை போடுகிறார்களாம். இங்கே மட்டும் அபிப்பிராய பேதமே கிடையாதாம். எப்படி இவ்வளவு ஒற்றுமை என்று அங்கிருந்து கேட்டார்களாம். அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

சின்னவள் இனிப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சைகைப் பாஷையை மட்டும் சொல்லவில்லை. நீலம் குளம் இல்லை, தார்ப்பாய், அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது என்று மட்டும் சொன்னாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். தவறு என்று எழுதிப் போட்டால் விசாரணை வரும், முடிகிற வரைக்கும் அறையைப் பூட்டிவைப்பார்கள், இத்தனை பிள்ளைகளும் சம்பளம் இல்லாமல் நிற்கும், மழைக்காலம் முடியும் வரைக்கும்கூட இழுக்கும் என்றார். அவர் பயமுறுத்தவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா நம்ம சொந்தத் தண்ணிப் பிரச்சினையை உலகத் தண்ணிப் பிரச்சினையோட கலக்கக்கூடாது."

அன்று முழுக்க அவள் நீலத்தைக் கண்ட இடத்திலெல்லாம் வீடு என்று போட்டாள். சாயங்காலத்துக்குள் மதிப்பெண் சரிந்து, திரையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடி தன் நாற்காலியை அரை முழம் தள்ளிப் போட்டுக்கொண்டான். ரேடியோதான் படியில் வைத்து வழி சொன்னாள். மேலிருந்து எடுத்த படத்தால் வந்த வினையை, கீழிருந்து எடுத்த படத்தால் தீர்ப்போம். வீடியோ எடுத்து உலகத்துக்கே விடுவோம், எந்த ஊரில் என்ன அநியாயம் நடந்தாலும் இப்போது நம் வயசுப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள் என்றாள். சின்னவளின் முகம் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அதனால் அம்மா.

அம்மாவுக்கு ஏணி ஏறுவது புதிதில்லை. கூரை விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு சொம்பைத் தார்ப்பாயில் முக்குகிற மாதிரி முக்கி எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்கு விலகி உட்கார்ந்த கண்ணாடியே வந்து போனைப் பிடித்தபடி, ஏதாவது பேசுங்க என்று கீழேயிருந்து சொன்னான்.

"வாங்க. எல்லாரும் வாங்க. இதான் எங்க குளம். உங்க மிஷின் கண்டுபிடிச்சது. குளிக்கணும்னா சோப்பு மட்டும் எடுத்துட்டு வாங்க, தண்ணியும் நீங்களே எடுத்துட்டு வாங்க. மீன் வேணும்னா சொல்லுங்க, தார்ப்பாய்ல ஓட்டை விழுந்த இடத்துல பல்லி இருக்கு, பிடிச்சுத் தரேன்."

வீடியோ பறந்தது. அப்படிப் பறக்கும் என்று ரேடியோவே நினைக்கவில்லை. கடல் தாண்டியும் பார்த்தார்கள், பார்த்தவர்கள் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். யாரோ ஒரு புண்ணியவதி அம்மாவின் பேச்சை விட்டுவிட்டு, கீழே வேறு வாசகம் போட்டாள்: கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்காக ஒரு தாயின் மௌனக் கலை. அம்மாவை அவளுடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மௌனம் என்று சொன்னது அந்த வாசகம்தான். பிறகு ஊர் ஊராகப் பிள்ளைகள் நீலப் பாயை விரித்து, அதில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வீடியோ எடுத்தார்கள். சிலர் பாட்டுச் சேர்த்தார்கள். ஒருத்தி அதற்கென்றே புதிதாக நீலப் பாய் வாங்கி மொட்டை மாடி முழுக்க விரித்தாள். அடுத்த வாரம் மிஷின் அங்கேயும் ஒரு குளத்தைக் கண்டுபிடித்தது. மேற்பார்வை அண்ணன் அந்த அம்மா யார் என்று தெரியாமலேயே வீடியோவை அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டி, பாருங்கள், வெளியே எவ்வளவு விழிப்புணர்வு என்றார். சின்னவள் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

லாரி வரவில்லை.

தண்ணீர் அலுவலகத்துக்கு மறுபடி போனார்கள். அந்த அம்மையார் அம்மாவைக் கண்டதும் எழுந்தே விட்டார். தாமும் பார்த்ததாகவும், தம் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகவும் சொன்னார். ஆனால் வீடியோவில் வருவதற்கெல்லாம் லாரி விட முடியாது, மேலிருந்து எடுக்கிற படத்தில் மாறினால்தான் உண்டு என்றார். சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அம்மா நின்றாள், சிரிக்கவில்லை.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததும் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"மேலேர்ந்துதானே பாக்குறான்?"

"ஆமா."

"கீழ வந்து பாக்கமாட்டான்ல?"

"மாட்டான்."

"அப்ப மூடிடுவோம்."

லாட்ஜில் கழித்துப்போட்ட பழைய விரிப்புகள் ஒரு மூட்டை அவளிடம் இருந்தன. அவற்றைத் தார்ப்பாய் மேல் விரித்துவிட்டால் நீலம் தெரியாது என்பது அம்மாவின் கணக்கு. தெருப் பெண்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்துவிட்டார்கள், துவைக்காத துணி எல்லார் வீட்டிலும் குவிந்திருந்ததே. சின்னவள் விரிப்புகளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். வெள்ளை கூடாது, வெள்ளையை அவர்கள் பனி என்று போட்டுவிடுவார்கள் என்றாள். எதிர் வீட்டு அத்தை தன்னிடம் பச்சைத் திரைச்சீலை இருக்கிறது என்றாள். பச்சை மரமாகிவிடும், பிறகு காடு என்று வேலி போட வருவார்கள். கறுப்பு? கறுப்பு சாலை. அப்புறம் உன் வீட்டு மேல லாரி ஓட்டுவான், தண்ணி நேரா தலைல விழும் என்று யாரோ சொல்ல, இத்தனை நாளுக்குப் பிறகு அந்தத் தெரு சிரித்தது.

"வீடு வீடாத் தெரியறதுக்கு என்னதான்டி நிறம்?" என்று அத்தை கேட்டாள். அதற்குச் சின்னவளாலேயே உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மண் நிறத்துக்குத்தான் தாங்கள் அதிகமாக நாற்காலியை இழுத்த ஞாபகம் என்றாள். மற்றவர்களுக்கு அது விளங்காவிட்டாலும் மண் நிறம் என்பது விளங்கியது. சாக்குகள் வந்தன. அரிசிச் சாக்கு, சிமெண்டுக் கடையிலிருந்து கெஞ்சி வாங்கிய கோணி, எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தார்கள். நீலத்தின் மேல் ஒரு விரல் இடுக்கு விடாமல் விரித்துக் கட்டினார்கள். உள்ளே புழுக்கம் கூடியது, சாக்கு நாற்றம் இறங்கியது. வானத்துக்காரன் எந்த நாளில் படம் எடுப்பான் என்று தெரியாததால் ஒருவரும் அவிழ்க்கவில்லை. லாட்ஜ்காரரிடம் அம்மா போய் நின்று, இந்த ஒரு மாசம் மட்டும் என்று வாய்தா வாங்கிவந்தாள்.

மாசம் முடியப்போகிற வேளையில் ஒரு நாள் சின்னவளின் திரையில் அந்தத் தெரு வந்தது. இப்போது அவளுக்குத் தன் தெருவைப் பார்த்தவுடன் தெரியும். நீலம் இல்லை. கடைசி வீடு வரைக்கும் மண் நிறம். மிஷின் பழையதை மறக்கவில்லை. இங்கே குளங்கள் இருந்தன, இப்போது காணவில்லை என்று கேட்டது. கேட்டுவிட்டு இரண்டே பதிலைக் காட்டியது. குளம் இருக்கிறது. குளம் வற்றிவிட்டது. வீடு என்பது அதில் இல்லை. கீழே மூலையில் தவறு என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால்தான் உண்மை. உண்மையை அழுத்தினால் விசாரணை, பூட்டு, மழைக்காலம்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கத்திலும் அதே படம். ரேடியோ மூச்சுக் காட்டவில்லை. கண்ணாடி இவளைப் பார்க்காமல் இவளைப் பார்த்தான். வற்றிய குளத்துக்கு அவர்களிடம் சைகை இல்லை. சின்னவள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மிச்சம் இருந்ததைக் குடித்துத் தீர்த்தாள், காலியான பாட்டிலை மேஜை மேல் தலைகீழாக வைத்தாள்.

மூன்று பேரும் ஒத்துப்போனார்கள்.

அடுத்த வாரமே லாரி தெருவுக்குள் வந்தது. அவசரத் தேவை என்று வாரத்துக்கு நாலு நடையாகவே போட்டிருந்தார்கள். அம்மா மூட்டை மூட்டையாக விரிப்புகளை ஊறவைத்தாள். லாட்ஜ்காரர் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதே வாரம் உலக அமைப்பின் அறிக்கையும் வந்தது. வீட்டுக்கு ஒன்றாகக் குளம் வைத்திருந்த ஒரு தெரு, ஒரே மாதத்தில் முற்றிலும் வற்றிப்போன கொடுமை அதன் முதல் பக்கத்தில் இருந்தது. படங்கள் இரண்டு, முன்பு நீலம், இப்போது மண். உலகமெங்கும் இளைஞர்கள் அந்தப் படத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மனதாரத்தான் போனார்கள், அவர்களுடைய கண்ணீரில் பொய் இல்லை. அவர்கள் போட்ட சத்தத்தில் இன்னும் எத்தனையோ தெருக்களுக்கு லாரி வந்தது. அதில் நிஜமாகவே தண்ணீர் இல்லாத தெருக்களும் இருந்தன.

உலக இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. குளங்களை இழந்த அந்தத் தெருவிலிருந்து ஓர் இளம்பெண், அந்தக் குளத்தைப் பற்றிய தன் நினைவுகளைச் சின்ன வீடியோவாகப் பேசி அனுப்ப வேண்டுமாம். மேற்பார்வை அண்ணன்தான் அவளிடம் கொண்டுவந்தார். உங்கள் ஏரியா பக்கம்தான் எங்கேயோ, யாரையாவது பிடித்துக் கொடுங்கள் என்றார்.

சின்னவள் அதை அம்மாவிடம் சொன்னபோது லாரி வாசலில் நின்றது. லாரித் தம்பி குழாயை டிரம்முக்குள் விட்டுப் பிடித்திருந்தான். முடியாது என்று எழுதிவிடவா என்று கேட்டாள். நுரைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"போன தடவை உண்மையைச் சொன்னேன், சிரிச்சாங்க," என்றாள். "நீ குளத்தைப் பத்தியே சொல்லு. ஆழமா இருந்துச்சுன்னு சொல்லு. வாரத்துக்கு நாலு நடை நிக்காம வரணும்."

சின்னவள் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்து, அதற்கு முன்னால் நின்றாள். பிறகு அந்தக் குளம் வெயிலில் எப்படி மினுமினுக்கும் என்று சொன்னாள்; அது பொய் இல்லை. மழைச் சத்தம் அதன் மேல் எப்படிக் கேட்கும் என்று சொன்னாள். அதுவும் பொய் இல்லை. அதற்கடியில்தான் நாங்கள் வளர்ந்தோம் என்று சொல்ல வந்து, கரையில் என்று மாற்றிக்கொண்டாள்.

லாரித் தம்பி குழாயைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். டிரம் வழிந்தது, கவனிக்கவில்லை. அவள் பேசி முடித்ததும் அம்மா பக்கம் திரும்பினான்.

"இவ்வளவு நாளா வரேன், எனக்குத் தெரியாம போச்சேக்கா. எப்ப வத்துச்சு?"

"தம்பி, தண்ணி வீணாப் போகுது பாரு," என்றாள் அம்மா. "அடுத்த டிரம்முல விடு."